தீர்த்தகிரியின் ஒரு வோல்ட்

ஓசூரில் வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள் தண்ணீர் எப்போது வரும், கம்பெனி பஸ் எங்கே நிற்கும் என்று கேட்பார்கள். தீர்த்தகிரி பாகலூர் ரோட்டுப் பக்கம் வீடு பார்த்தபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: எர்த் ஒழுங்காக இருக்கிறதா? வீட்டுக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இருக்கிறது என்றார். தீர்த்தகிரி நம்பவில்லை. பையிலிருந்து பல்பும் ஒயரும் எடுத்து, ஒவ்வொரு பிளக்காகச் சோதித்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அவர் மனைவி மணிமேகலையால் அந்த வீட்டில் பால் காய்ச்ச முடிந்தது.

சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை. உதிரிபாகத்தை அவர் தொடுவதில்லை. உதிரிபாகத்தை அளக்கிற கருவிகளை அளப்பது அவர் வேலை. காலிபரேஷன் அறை என்று பெயர். சரியாக இருக்கிற கருவிக்குப் பச்சை ஸ்டிக்கர். சோதித்த தேதி, அடுத்துச் சோதிக்க வேண்டிய தேதி, எதை வைத்துச் சோதித்தது, யார் கொடுத்த அளவு, எல்லாம் அதில் எழுதியிருக்க வேண்டும். தேதி ஒரு நாள் தாண்டினாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். லைன் நின்றுபோகிறது என்று மேனேஜரே வந்து கெஞ்சினாலும் சாவி வெளியே வராது. "தேதி போன மீட்டரு பொய் சொல்லும் சார்" என்பார். இருபது வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தால் பின்னறையில் அவருடைய சொந்த ராஜ்ஜியம். அங்கே இருந்த கருவி ஒவ்வொன்றும் அவர் கையால் செய்தது. பிஸ்கட் டின்னுக்குள் ஒரு சிக்னல் ஜெனரேட்டர். அதைத் தட்டினால் ஒரே சீராக 'கூ' என்று ஒரு சத்தத்தை ஆம்ப்ளிஃபயருக்குள் அனுப்பும். ஸ்பீக்கருக்குப் பதிலாகச் சுமை தாங்க, பெயின்ட் பக்கெட் தண்ணீரில் முக்கிய ஹீட்டர் கம்பிச் சுருள்கள். இத்தனைக்கும் மேலே, மர அலமாரியில் துணி போர்த்தி, அந்த முள் மீட்டர். பெங்களூர் பழைய சாமான் கடையில் முள்ளைப் பிடித்து, உள்ளே இருக்க வேண்டியதையெல்லாம் ஆறு மாதம் உட்கார்ந்து செய்து, பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு கறுப்பு மையால் அளவுக் கோடுகளைத் தானே வரைந்தார். கம்பெனி மீட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு பச்சை ஸ்டிக்கரும் ஒட்டினார். அது பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு. அடுத்துச் சோதிக்க வேண்டிய தேதி என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்து விட்டிருந்தார். சொந்தப் பிள்ளையிடம் யாராவது அடையாள அட்டை கேட்பார்களா?

மூன்று வருடத்துக்கு முன் அந்த மீட்டருக்குள் எலி புகுந்து ஒரு ரெசிஸ்டரின் காலைக் கடித்து வைத்தது. தீர்த்தகிரி எலியைத் திட்டிக்கொண்டே, டப்பாவில் கையில் அகப்பட்ட ஒன்றைப் போட்டுப் பற்றவைத்தார். முள் முன்போலவே ஆடியது. துணியைப் போர்த்தி மேலே வைத்துவிட்டார்.

இந்த மீட்டருக்கு மாவட்டத்தில் ஒரு மரியாதை இருந்தது. மத்தூர், சாமல்பட்டி, ஊத்தங்கரைப் பக்கம் மைக் செட் வைத்திருப்பவர்கள் வாங்கும் ஆம்ப்ளிஃபயர்களில் ஐந்நூறு வாட், ஆயிரம் வாட் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும். உண்மையில் எவ்வளவு என்பது கடவுளுக்கும் தீர்த்தகிரிக்கும்தான் தெரியும். அவர் சிக்னல் கொடுத்து, பக்கெட்டில் சுமையை மாட்டி, சத்தம் உடைகிற இடம் வரை ஏற்றி, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, கணக்குப் போட்டு, ஒரு வெள்ளை ஸ்டிக்கரில் வாட்டை எழுதிக் கையெழுத்திட்டு ஒட்டிக் கொடுப்பார். "கடை வாட்டா, தீர்த்தகிரி வாட்டா?" என்று கேட்டுத்தான் பழைய ஆம்ப் கை மாறும். ஆடித் திருவிழாக்களுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, மத்தூர் கல்யாண மண்டபத்தில் மைக் செட் சங்கத்தின் வருடாந்திரக் கூட்டம். அங்கே அவருக்கென்று ஒரு மேசை போட்டு, மேலே ஒரு சால்வையும் மடித்து வைத்திருப்பார்கள். வருடம் முழுக்க அவர் அந்த மேசையை நினைத்துக்கொண்டுதான் வாழ்ந்தார் என்று சொன்னால் மணிமேகலை மறுக்க மாட்டாள்.

அப்புறம் மணிவேல் வந்து சேர்ந்தான்.

சாமல்பட்டிக்காரன். முப்பத்தைந்து வயதிருக்கும். வேறொரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன். இரண்டு தெரு தள்ளிக் குடிவந்தான். அவனும் வீட்டில் கருவி செய்கிறவன் என்று கேள்விப்பட்டதும் தீர்த்தகிரிக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பெரியவராக லட்சணமாகப் போய் நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று மணிமேகலையையும் அழைத்துக்கொண்டு போனார்.

மேசை மேல் ஒரு சின்ன டப்பா. அதிலிருந்து ஒரு ஒயர் லேப்டாப்புக்குப் போனது. அவ்வளவுதான். பக்கெட் கிடையாது, பிஸ்கட் டின் கிடையாது. மணிவேல் ஒரு பட்டனை அழுத்தினான். திரையில் நீலமும் ஆரஞ்சுமாகக் கோடுகள் ஓடின. ஆம்ப் எங்கே இழுக்கிறது, எங்கே இரைகிறது, சத்தத்தில் எவ்வளவு கலப்படம் சேர்க்கிறது, எல்லாம் பத்து விநாடியில். அந்தக் கலப்படத்தை அளக்க ஒரு கருவி செய்கிறேன் என்று தீர்த்தகிரி நான்கு வருடமாகப் பின்னறையில் போராடிக்கொண்டிருந்தார். அவர் கருவி ஆயிரத்தில் ஒரு பங்கு வரைக்கும்தான் இறங்கும். அதற்குக் கீழே போனால் முள் சாமி வந்ததுபோல் ஆடும். மணிவேலுடைய டப்பா அதற்கும் முப்பது மடங்கு கீழே போய் அசையாமல் நின்றது.

"நல்லா இருக்குதுப்பா" என்றார் தீர்த்தகிரி. கொண்டுவந்த நாலு நல்ல வார்த்தையில் அது ஒன்றுதான் வெளியே வந்தது.

திரும்பி வரும் வழியில் மணிமேகலை சும்மா வந்திருக்கலாம். "பாருங்க, அந்தத் தம்பி எவ்ளோ நீட்டா வெச்சிருக்குது. நம்ம ஊட்ல பக்கெட்டுல கால் வெக்காம உள்ள போவ முடியல" என்றாள். அன்றைக்கு ராகிக் களியைக்கூட அவர் குறை சொன்னார். வெந்தது போதவில்லையாம்.

இதைப் பொறாமை என்று சொல்லலாமா என்றால், தாராளமாகச் சொல்லலாம். வேறு எந்தப் பெயரும் அதற்குப் பொருந்தாது. மணிவேலின் பைக் தெருவில் போகும் சத்தம் கேட்டால் இவர் எழுந்து ஜன்னலைச் சாத்துவார். தன்னிடம் வருகிற மைக் செட்காரர்கள் "மணிவேல் ஒரு பேப்பர் குடுக்கறாராமே, கலர்ல" என்று இழுத்தால், "கலர் பேப்பர் வேணும்னா பேன்சி ஸ்டோர்ல கெடைக்கும்" என்று வெடுக்கென்று சொல்வார். வந்தவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, தன் நான்கு வருடக் கருவியைத் திறந்து மறுபடி உட்கார்வார். முள் மறுபடி ஆடும்.

இப்படி இருக்கும்போதுதான், ஆனி மாதத்தில் ஒரு நாள், மணிவேலே இவர் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"அண்ணா, ஒரு ஒதவி. என் டப்பா கோடு நல்லா போடுது. ஆனா எத்தன வோல்ட்டுன்னு அதுக்குத் தெரியாது. இதுதாம்பா ஒரு வோல்ட்டுன்னு யாராச்சும் காட்டிக் குடுத்தாத்தான் அதுலேர்ந்து கணக்குப் போடும். என்கிட்ட இருக்கற மல்டிமீட்டரு ஊட்டு கரண்டப் பாக்கத்தான் லாயக்கு. இந்த 'கூ'வுக்கெல்லாம் ஒளறுது."

"அதுக்கு?"

"நம்ம மாவட்டத்துல உங்க வோல்ட்டுதாண்ணா வோல்ட்டு. ஒரு சின்னப் பெட்டி செஞ்சு, அதுல சரியா ஒரு வோல்ட்டு வெச்சுக் குடுத்தீங்கன்னா, அத வெச்சு நான் என்னோடத செட் பண்ணிக்குவேன்."

தீர்த்தகிரிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஆக, இந்த நீலம் ஆரஞ்சு எல்லாம் இருந்தும் இவனுக்கு ஒரு வோல்ட் எதுவென்று தெரியாது! அதற்கு இங்கேதான் வரவேண்டியிருக்கிறது! மணிமேகலையைக் கூப்பிட்டுக் காபி போடச் சொன்னார். சர்க்கரை தூக்கலாக.

அந்த வாரமே பெட்டியைச் செய்து முடித்தார். உள்ளங்கை அகலம். உள்ளே ஒரு பேட்டரி, அதே 'கூ'வைப் போடுகிற ஒரு சின்னச் சர்க்யூட். அளவைக் கூட்டிக் குறைக்க ப்ரீசெட் என்கிற ஒரு சின்னத் திருகு. முள் மீட்டரின் துணியை விலக்கி, பெட்டியை மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினார். முள் ஒன்று என்ற கோட்டின் மேல் படிந்து நின்றது. திருகு தானாக அசைந்துவிடாமல் இருக்க அதன் தலையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்தார். எல்லா மெக்கானிக்குகளும் செய்வதுதான். மணிமேகலையின் ரோஸ் நிற பாலிஷ். அந்த வேலையை அவர் ஒரு துளி கள்ளமில்லாமல் செய்தார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். மனிதர் இதுவரைக்கும் நல்லவர்தான்.

மறுநாள் காலையில் ராமப்பன் போன் செய்தார். ராமப்பன்தான் சங்கத் தலைவர். பேச்சைத் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிக்கிறவர்.

"தீர்த்தகிரி, இந்த வருஷம் மண்டபத்துல ரெண்டு மேஜ போட்டுடலாமுன்னு முடிவாயிருக்குது. ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு நம்ம மணிவேலுக்கு. பசங்கெல்லாம் கலர் பேப்பர் வேணுங்கறாங்க."

"நான் ஒருத்தன் போதாதா?"

"அப்படிச் சொல்லலியே. ரெண்டு பேரும் இருங்க. அடுத்த வருஷத்துக்கு எந்த மேஜைன்னு பசங்களே பாத்து முடிவு பண்ணிக்கட்டும். ஆய்த்து, வெக்கறேன்."

போனை வைத்துவிட்டுத் தீர்த்தகிரி பின்னறைக்குப் போனார். எந்த மேசை என்று பார்த்து முடிவு செய்வார்களாம்! பன்னிரண்டு வருடம் பக்கெட் தூக்கியவன் இங்கே. பட்டன் அழுத்துகிறவன் அங்கே. அந்தப் பட்டன்காரனுக்கு ஒரு வோல்ட்டையும் இவரே செய்து பெட்டியில் போட்டுக் கொடுக்க வேண்டும். அவன் இவர் வோல்ட்டையே வைத்துக்கொண்டு இவர் மேசையைப் பிடுங்குவான்.

பெட்டி மேசை மேலேயே இருந்தது. ஊசி எடுத்து ரோஸ் பாலிஷைச் சுரண்டினார். மீட்டரில் மாட்டினார். திருகைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினார். முள் ஒன்றைத் தாண்டி, ஒன்று புள்ளி ஒன்றில் நின்றது.

பத்துக்கு ஒன்று கூடுதல். அவ்வளவுதான், கண்ணுக்குத் தெரியாத தூரம். ஆனால் மணிவேலின் டப்பா இனிமேல் பதினொன்றைப் பத்து என்று நம்பும். எந்த ஆம்ப்பை மாட்டினாலும் குறைத்துக் காட்டும். வோல்ட்டை வோல்ட்டாலேயே பெருக்குகிற வாட் கணக்கில் ஆறில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். மைக் செட்காரனிடம் அவன் அப்பனைக் குறை சொன்னாலும் பொறுத்துக்கொள்வான், ஆம்ப்பைக் குறை சொன்னால் விடமாட்டான். மண்டபத்தில் மணிவேலுக்கு எப்படிப்பட்ட வரவேற்பு இருக்கும் என்று நினைத்துப் பார்த்தபோது தீர்த்தகிரிக்குச் சிரிப்பு வந்தது. பாலிஷ் வைக்கப் போனால் ரோஸ் தீர்ந்திருந்தது. இருந்த மெரூனை வைத்தார்.

பெட்டியை வாங்கிக்கொண்டபோது மணிவேல் அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எவ்ளோ மெனக்கெட்டிருக்கீங்கண்ணா" என்றான். தீர்த்தகிரி நிலைப்படியைப் பார்த்துக்கொண்டு, "பரவாயில்லப்பா" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். பொறாமைக்காரனுக்கு எதிராளி விழுந்தால் மட்டும் போதாது. விழுந்ததற்குச் சாட்சியும் வேண்டும். கம்பெனியில், பெங்களூர் லேபுக்குப் போய்ச் சோதித்துத் திரும்பிய ஒரு மீட்டர் இருந்தது. லேப்காரர்கள் ஒட்டிய சீல் பிரிக்காமல் உறைக்குள் அப்படியே இருந்தது. ஞாயிறு ஒரு நாளைக்கு அதை வெளியே எடுத்துப் போக தீர்த்தகிரி மேனேஜரிடம் கேட் பாஸ் கேட்டார். இருபது வருடத்தில் அந்த மனிதர் கேட்ட முதல் உதவி. மேனேஜர் எதற்கு என்றுகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை மதியமே மீட்டர் வீட்டில் இருந்தது. சீலைப் பிரித்துத் தன் முள் மீட்டரோடு ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். கம்பெனியில் வேறு எவனாவது அப்படிச் செய்யாமல் விட்டிருந்தால் தீர்த்தகிரி அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். ஆனால் அவருக்கு அந்த சீலை மண்டபத்தில், இருநூறு பேர் பார்க்க, கிழிக்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ராமப்பன் அனுப்பிய குட்டி யானை வேனில் பக்கெட், பிஸ்கட் டின் எல்லாம் மத்தூர் போய்ச் சேர்ந்தன. முள் மீட்டரை மட்டும் தீர்த்தகிரி மடியில் வைத்துக்கொண்டார். மண்டபத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேசைகள். சால்வை இரண்டு மேசையிலும் இருந்தது. அதையும் கவனித்துக்கொண்டார்.

எல்லாம் அவர் போட்ட கணக்குப்படியே நடந்தது. பத்து மணிக்குள் மணிவேலின் மேசையில் சத்தம் ஆரம்பித்தது. போன வருடம் இருநூற்று நாற்பது என்று ஸ்டிக்கர் வாங்கிய ஆனந்தராஜின் ஆம்ப், மணிவேலிடம் இருநூறுதான் காட்டியது. ஊத்தங்கரை எல்லப்பனுடையதும் குறைந்தது. இன்னும் நாலைந்து பேருடையதும் குறைந்தது.

"என்னாப்பா இது? ஒரு வருஷத்துல நாப்பது வாட்ட ஆடு மேஞ்சுட்டுப் போச்சா?" என்று ஆனந்தராஜ் கத்தினார். "இத்த அண்ணன்கிட்டயே வெச்சுப் பாக்கலாம், தூக்குங்கடா."

தீர்த்தகிரியின் மேசையில் மாட்டினார்கள். அவர் நிதானமாக ஏற்றினார். முள் நாற்பத்து நாலு வோல்ட்டில் நின்றது. "இருநூத்தி நாப்பது" என்றார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு இனிப்பான எண்ணைச் சொன்னதே இல்லை. கூட்டம் மொத்தமும் இவர் பக்கம் நகர்ந்தது. மணிவேல் தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து, அதே ஒயரில், அதே பக்கெட்டில் மாட்டிப் பார்த்தான். நாற்பது வோல்ட். இருநூறு வாட். அவன் நெற்றி வியர்த்திருந்ததை தீர்த்தகிரி நன்றாகப் பார்த்தார். பார்த்து ரசித்தார்.

"ரெண்டுல ஒண்ணு தப்பு" என்றார் ராமப்பன். "எது தப்புன்னு எப்படிப் பாக்கறது?"

தீர்த்தகிரி பையிலிருந்து உறையை எடுத்தார். லேபின் பெயர், தேதி, சீல் எல்லாவற்றையும் முன்வரிசைக்குக் காட்டினார். பிறகு கிழித்தார். மீட்டரின் இரண்டு ஊசிகளையும் ராமப்பன் கையிலேயே கொடுத்து, "நீங்களே வெச்சுப் பாருங்க. அப்பறம் யாரும் என்னக் கொற சொல்லக்கூடாது" என்றார்.

ராமப்பன் ஊசிகளை வைத்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு படித்தார்.

"நாப்பது."

தீர்த்தகிரி ஊசிகளைப் பிடுங்கித் தானே வைத்தார். நாற்பது. ஒயரை மாற்றினார். நாற்பது. ஆம்ப்பை அணைத்துவிட்டு மறுபடி போட்டார். கம்பெனி மீட்டர் நாற்பதிலும், அவர் முள் நாற்பத்து நாலிலும், ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. எலி கடித்த ரெசிஸ்டர் அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. கையில் அகப்பட்டதைப் போட்டது. துணியைப் போர்த்தியது. மூன்று வருடம்.

"அப்ப மணிவேலுதுதான் கரெக்டு" என்றார் ராமப்பன், சங்கடமாக.

"என்னோடது இல்லைங்க" என்றான் மணிவேல். சட்டைப் பையிலிருந்து அந்த உள்ளங்கைப் பெட்டியை எடுத்து மேலே தூக்கிக் காட்டினான். "அண்ணா குடுத்த ஒரு வோல்ட்ட வெச்சுத்தான் நான் செட் பண்ணேன். மீட்டரு பழசாகி ஏறியிருக்குது, அவ்வளவுதான். அவரு குடுத்த வோல்ட்டு சுத்தம்."

யாரோ கை தட்டினார்கள். இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். மேசை போனாலும் மானம் போகாது போலிருந்தது. ஆனால் ஆனந்தராஜ் சும்மா இருக்கிற ஆளில்லை. நாற்பது வாட் இழந்தவர்.

"ஏண்ணா, அந்தப் பெட்டிய இந்த முள்ளுல வெச்சுத்தான செட் பண்ணியிருப்பீங்க? முள்ளு தப்புன்னா பெட்டி மட்டும் எப்படி சரியா வந்துச்சு?"

தீர்த்தகிரி மணிவேலைப் பார்த்தார். மணிவேல் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மெரூன் பாலிஷையும், அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ரோஸ் பிசிறையும் பெருவிரலால் தடவினான். பிறகு முள் மீட்டரைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்த நொடியை தீர்த்தகிரி கண்ணால் பார்த்தார்.

"கம்பெனி மீட்டர்ல வெச்சு செட் பண்ணாருங்க" என்றான் மணிவேல், ஆனந்தராஜிடம். "குடுக்கறப்பவே சொன்னாரு."

தப்பித்தாயிற்று. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். வேறு யாராக இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நின்றிருப்பார்கள். தீர்த்தகிரிக்கோ உடம்பு முழுக்கத் தீப்பிடித்தது. கோடு போடுவதில் ஜெயித்தான். வோல்ட்டில் ஜெயித்தான். இப்போது இத்தனை பேர் முன்னால் தன்னைக் காப்பாற்றிவிட்டுப் பெரிய மனுஷன் என்ற பெயரையும் இவனே வாங்கிக்கொண்டு போவானா? காலம் முழுக்க இவன் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம், நம்மைக் காப்பாற்றியவன் போகிறான் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? முடியாது. அதை மட்டும் இவனுக்குக் கொடுக்க முடியாது.

"இல்ல" என்றார். குரல் உடைந்து பெரிதாக வந்தது. "அவன் பொய் சொல்றான். இந்த மீட்டர்லதான் வெச்சேன். மொத ஒண்ணுல வெச்சேன். ரெண்டு மேஜைன்னு போன் வந்துச்சு. அப்பறம் வேணும்னே ஒண்ணு புள்ளி ஒண்ணுக்கு ஏத்தி வெச்சுக் குடுத்தேன். இவன் தப்பா காட்டணும்னு."

இதைப் புரிந்துகொள்ள மண்டபத்துக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ராமப்பன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "முள்ளு பத்துக்கு ஒண்ணு ஏத்திக் காட்டுது. நீங்களும் பத்துக்கு ஒண்ணு ஏத்தி வெச்சீங்க. அதனால..." என்று நிறுத்தினார். "அட கடவுளே! உங்க மீட்டரு உங்கள ஒழுங்கா ஒரு பொய் சொல்லக்கூட விடல பாருங்க!"

முதலில் எல்லப்பன் சிரித்தார். பிறகு மொத்த மண்டபமும் சிரித்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். நாற்காலிகள் ஆடச் சிரித்தார்கள். சமையல் கட்டிலிருந்து கரண்டியோடு ஒருவர் எட்டிப் பார்த்து, என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அவரும் சிரித்துவிட்டுப் போனார். மணிவேல் மட்டும் சிரிக்கவில்லை. பெட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு தன் மேசைக்குத் திரும்பிப் போனான்.

தீர்த்தகிரியின் பையில் இரண்டு ஸ்டிக்கர் சுருள்கள் எப்போதும் இருக்கும். சிவப்புச் சுருளிலிருந்து ஒன்றைக் கிழித்துத் தன் முள் மீட்டரின் கண்ணாடி மேல் குறுக்காக ஒட்டினார். "மூணு வருஷமா நான் ஒட்டுனது எல்லாம் தப்பு. எல்லாரும் கொண்டாங்க" என்றார். பிறகு ஒரு பிளேடை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஆம்ப்பின் முதுகிலிருந்தும் தன் கையெழுத்தைச் சுரண்டத் தொடங்கினார். சுரண்டியதை மணிவேலின் மேசைக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே நீலமும் ஆரஞ்சும் ஓடின. அந்தக் கோடுகள் இவர் உட்கார்ந்த இடத்திலிருந்தும் தெரிந்தன.

சாப்பாட்டுக்கு எல்லாரும் பந்திக்குப் போன பிறகு மணிவேல் இவர் பக்கத்தில் வந்து நின்றான்.

"எனக்குக் கோவம் இல்லன்னு நெனைக்காதீங்கண்ணா" என்றான். "ரெண்டு கலர் பூசியிருந்தத அன்னிக்கே பாத்தேன். மொத வெச்சது மனசுக்குப் புடிக்காம, அழிச்சிட்டு மறுபடி வெச்சிருக்காரு, எவ்ளோ சுத்தமான ஆளுன்னு நெனச்சேன். என் பொண்டாட்டிகிட்டகூடச் சொன்னேன்."

தீர்த்தகிரி சுரண்டுவதை நிறுத்தினார். பிளேடைத் துடைத்துக்கொண்டே எழுந்தார். அப்போதுதான் பக்கத்து மேசையில் இருந்த மணிவேலின் டப்பாவைக் கிட்டத்தில் பார்த்தார். அதன் மூலையில் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கம்பெனி ஸ்டிக்கர் போலவே கட்டம் போட்டு, நுணுக்கமான கையெழுத்தில் எழுதியிருந்தான். சோதித்த தேதி. அடுத்துச் சோதிக்க வேண்டிய தேதி. சரியாக ஒரு வருடம் தள்ளி. கடைசிக் கட்டத்தில், யார் கொடுத்த அளவு என்ற இடத்தில்: தீர்த்தகிரி.

"அந்தப் பேர அழிச்சிடுப்பா" என்றார். பிளேடை நீட்டினார்.

மணிவேல் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "எதுக்கு அழிக்கணும்? வோல்ட்டு எங்கேர்ந்து வந்துச்சோ அதத்தான் எழுதணும். உங்க கம்பெனில அப்படித்தான?"

அப்படித்தான். புதிதாக வேலைக்குச் சேர்கிற ஒவ்வொருவருக்கும் தீர்த்தகிரி சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம் அது. பந்தியில் சாம்பார் வாளிச் சத்தம் கேட்டது. மணிவேல் கை கழுவப் போய்விட்டான். தீர்த்தகிரி பிளேடும் கையுமாக அங்கேயே நின்றார். மண்டபத்தில் இருந்ததிலேயே சரியான கருவியின் மேல், கறையில்லாத பச்சைக் காகிதத்தில், அந்தப் பெயர் நிம்மதியாக ஒட்டிக்கொண்டிருந்தது. தன் சொந்தப் பெயரைப் பார்த்தே அவருக்குப் பொறாமையாக இருந்தது.